ஊழலும் ஓய்வூதியமும்



அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றோருக்கு மாதந்தோறும் வழங்கப்படும் தொகையை இன்று ஓய்வூதியம் என்கிறோம். உங்கள் பாட்டனார் காலத்தில் அதற்கு வழங்கிய பெயர் உபகாரச் சம்பளம் என்பது. இவ்விரு சொற்களையும் அருகருகே வைத்து நோக்குங்கள். உபகாரம் என்பது கொடுப்பவர் மனமிரங்கிக் கொடுப்பது. அவர் கொடாவிட்டால் ஏன் என்று கேட்க நமக்கு வழியில்லை. ஊதியம் என்பதோ உழைத்தவர் ஈட்டியது. அது வந்து சேராவிட்டால் வழக்காடிப் பெறவும் உரிமையுண்டு. பெயர் மாறியபோது பொருளும் மாறிவிட்டது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட வினா இவ்விரு சொற்களுக்கும் இடையே எழுவதாகும். பொது ஊழியர் ஒருவர் கையூட்டு வாங்கினார் என்று நீதிமன்றம் தண்டித்துவிட்டால், அவருக்கு ஓய்வூதியம் வழங்கலாமா, மறுக்கலாமா? மறுப்பதாயின், யார் மறுப்பது? எப்பொழுது மறுப்பது? எவ்வளவு மறுப்பது?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நானும் ஓய்வூதியம் பெறுபவனே. ஆண்டுக்கொரு முறை உயிரோடிருப்பதை மெய்ப்பித்துவிட்டு, மாதம் பிறந்ததும் வங்கிக் கணக்கை எதிர்நோக்குகிறவர்களில் ஒருவன். ஆகவே இப்பொருளில் எனக்கும் நேரான தொடர்பு உண்டு. என் பழைய மாணவர் ஒருவர், இப்பொழுது கல்லூரியில் பயில்பவர், அண்மையில் என்னிடம் கேட்டார்: "ஐயா, முப்பது ஆண்டு உழைத்தவர் ஒரே ஒரு நாள் கையூட்டு வாங்கினார். அந்த ஒரு நாளுக்காக முப்பது ஆண்டுக் கூலியையும் பறிப்பது முறையா?" கூரிய கேள்வி. அதற்கு ஒரே சொல்லில் விடை கூற எனக்கு மனம் வரவில்லை. அந்த விடையைத்தான் இப்பேச்சில் படிப்படியாகத் தேட விழைகிறேன்.

முதற்படி, ஓய்வூதியம் யாருடைய பணம் என்பது. 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்டது. ஓய்வூதியம் குறித்து உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பதற்கு அச்சட்டம் தடை விதித்தது. உபகாரமாகக் கொடுப்பதை வழக்காடிக் கேட்கலாகாது என்பதே அதன் உட்கிடை. அதே சட்டம் மற்றொரு நன்மையையும் செய்தது. ஓய்வூதியரின் கடன்காரர் எவரும் அந்தத் தொகையைப் பற்றுகை செய்து எடுத்துக்கொள்ள முடியாது என்றும் விதித்தது. முதுமையில் ஒருவர் கஞ்சிக்கு வழியின்றித் தவிக்கக்கூடாது என்னும் இரக்கம் அதில் உண்டு.

விடுதலைக்குப் பின் இந்நோக்கு மாறியது. பீகார் மாநிலக் கல்வித் துறையில் பணியாற்றிய தேவகிநந்தன் பிரசாத் என்பவர், தமக்கு ஓய்வூதியம் மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1971ஆம் ஆண்டில் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. ஓய்வூதியம் அரசின் விருப்பத்தைப் பொறுத்த கொடையன்று, அது ஊழியரின் சொத்து என்பது அத்தீர்ப்பின் சாரம். பின்னர் நகாரா என்பார் தொடுத்த வழக்கில் 1982ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இக்கருத்தை மேலும் வலியுறுத்தியது. ஓய்வூதியர் சங்கங்கள் இன்றும் அந்நாளை ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகின்றன. 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தத்தால் சொத்துரிமை அடிப்படை உரிமைகளின் வரிசையிலிருந்து நீக்கப்பட்டது உண்மையே. ஆயினும், சட்டத்தின் ஆணையின்றி ஒருவருடைய சொத்தைப் பறிக்கலாகாது என்று அரசமைப்பின் 300அ பிரிவு காவல் நிற்கிறது.

இங்கே "சட்டத்தின் ஆணையின்றி" என்ற சொற்களைக் கூர்ந்து கவனியுங்கள். சட்டம் இருந்தால் பறிக்கலாம் என்பது அதனுள் அடங்கியிருக்கிறது. அச்சட்டம் என்ன கூறுகிறது என்பதே இரண்டாம் படி.

ஊழியர் பணியில் இருக்கும்போதே தண்டிக்கப்பட்டால் வழி நேரானது. பொதுவாக ஊழியர் ஒருவரைப் பணியிலிருந்து நீக்குமுன் குற்றச்சாட்டை அவருக்கு அறிவித்து விசாரணை நடத்த வேண்டும் என்பது அரசமைப்பின் 311ஆவது பிரிவு. ஆனால் குற்ற வழக்கில் தண்டனைக்குக் காரணமான நடத்தைக்காக ஒருவரை நீக்குவதாயின், அத்தகைய விசாரணை தேவையில்லை என்று அப்பிரிவே விலக்கும் அளிக்கிறது. நீதிமன்றம் ஏற்கெனவே விசாரித்துவிட்டதன்றோ? அவ்வாறு நீக்கப்பட்டவர் தம் முந்தைய பணிக்காலம் முழுவதையும் இழக்கிறார். பணிக்காலமே இல்லை என்றால் ஓய்வூதியம் ஏது, பணிக்கொடை ஏது?

எனினும் அங்கேயும் ஒரு சிறு சாளரம் திறந்திருக்கிறது. தனிப்பட்ட பரிவுக்குரிய நிலை என்று கருதினால், அவருக்குச் சேர வேண்டியிருந்த ஓய்வூதியத்தில் மூன்றில் இரு பங்குக்கு மிகாமல் கருணைத் தொகை வழங்கலாம் என்று மத்திய அரசின் 1972ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகள் கூறின. நேர்மைக் கேட்டுக்காக நீக்கப்பட்டவருக்கு அது எளிதில் கிட்டுவதன்று. அவ்விதிகளுக்கு மாற்றாக 2021ஆம் ஆண்டில் புதிய விதிகள் வந்தன. அடிப்படைகள் பெரும்பாலும் அவையே. நம் மாநிலத்தில் 1978ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் இருக்கின்றன.

இனி, ஓய்வு பெற்ற பின்னர்த் தண்டிக்கப்படுபவரின் நிலையைப் பார்ப்போம். அவரைப் பணியிலிருந்து நீக்க முடியாது. அவர் பணியில் இல்லை. ஆகவே விதிகள் வேறொரு வழியைக் கைக்கொள்கின்றன. ஓய்வூதியம் எதிர்கால நன்னடத்தைக்கு உட்பட்டது என்பது அடிப்படை நிபந்தனை. ஓய்வூதியர் கடுங்குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டாலும், பணியில் இருந்தபோது பெருந்தவறு இழைத்தார் என்று துறை விசாரணையிலோ நீதிமன்றத்திலோ மெய்ப்பிக்கப்பட்டாலும், அவருடைய ஓய்வூதியத்தை முழுவதுமாகவோ ஒரு பகுதியையோ, நிலையாகவோ குறித்த காலத்துக்கோ நிறுத்தி வைக்கலாம். மத்திய அரசு ஊழியராயின் பணிக்காலத் தவற்றுக்காக நிறுத்தும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு உரியது. அவரும் மத்தியத் தேர்வாணையத்தைக் கலந்துகொண்டே இறுதி ஆணை பிறப்பிக்க வேண்டும்.

இதனை ஒரு கணக்கால் விளக்குகிறேன். ஒருவரின் கடைசி அடிப்படைச் சம்பளம் மாதம் 60,000 ரூபாய் என்று கொள்வோம். முழு ஓய்வூதியம் அதில் பாதி, அதாவது 30,000 ரூபாய். அகவிலைப்படியை இப்போதைக்கு ஒதுக்கிவிடுவோம். ஐந்து ஆண்டுகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மாதம் 6,000 வீதம் 60 மாதங்களுக்கு 3,60,000 ரூபாய் குறையும். முழுவதும் நிறுத்தப்பட்டு, அவர் பதினைந்து ஆண்டு வாழ்ந்தால் 54,00,000 ரூபாய் போய்விடும். மேசைக்கு அடியில் நீட்டிய சில ஆயிரங்களுக்காக ஒருவர் எதைப் பணயம் வைக்கிறார் என்பது இப்பொழுது உங்களுக்கு விளங்கும். அந்தப் பணயம் பணிக்காலம் ஏற ஏறப் பெருகிக்கொண்டே போகும். பணியில் புதிதாகச் சேர்ந்தவர் இழப்பது சிறிது. ஓய்வுக்கு ஓராண்டே உள்ளவர் இழப்பது மலையளவு.

மூன்றாம் படி, இந்த அதிகாரத்துக்கு விதிக்கப்பட்டுள்ள வேலிகள். பறிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்றால், வேண்டாதவரைப் பழிவாங்கவும் அதனைப் பயன்படுத்தலாம் அல்லவா? மேலதிகாரியின் முறையற்ற ஆணைக்கு இணங்காத நேர்மையாளர் ஒருவர் மீது, அவர் ஓய்வு பெறும் மாதத்தில் குற்றச்சாட்டைச் சுமத்திவிட்டால் என்ன ஆகும்? இதனைத் தடுப்பதற்கே சில எல்லைகள் உள்ளன. ஓய்வுக்குப் பின் புதிதாகத் துறை நடவடிக்கை தொடங்குவதாயின், நான்கு ஆண்டுகளுக்கு முற்பட்ட நிகழ்ச்சிக்காகத் தொடங்க முடியாது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது தற்காலிக ஓய்வூதியம் வழங்கப்படும். பணிக்கொடை மட்டும் முடிவு வரும் வரை நிற்கும். ஒரு பகுதியைக் குறைத்தாலும், எஞ்சியது குறைந்தபட்ச ஓய்வூதியத்துக்குக் கீழே இறங்கலாகாது.

2013ஆம் ஆண்டில் ஜார்க்கண்ட் மாநில அரசின் மேல்முறையீடு ஒன்றில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று. வழக்கு நிலுவையில் உள்ளது என்பதற்காக ஓய்வு பெற்ற ஊழியர் ஒருவரின் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை அரசு நிறுத்தி வைத்திருந்தது. அங்கு நடப்பிலிருந்த விதியோ, குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பின்பே நிறுத்த இடம் தந்தது. ஆகவே, விதியில் இல்லாத அதிகாரத்தை வெறும் நிர்வாக ஆணையால் உண்டாக்கிக்கொள்ள முடியாது என்று நீதிமன்றம் கூறியது. ஐயத்தின் பேரில் உணவைப் பறிக்காதே, குற்றம் தெளிந்த பின் சட்டப்படி செய் என்பதே இதன் கருத்து.

ஐயத்திற்கு இந்தப் பரிவு உண்டு. தீர்ப்புக்குப் பின் அதே பரிவு இல்லை. கே. சி. சரீன் வழக்கில் 2001ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவுபடுத்தியது. ஊழல் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்ட பொது ஊழியர், மேல்நீதிமன்றம் விடுவிக்கும் வரை ஊழல் புரிந்தவராகவே கருதப்பட வேண்டும். மேல்முறையீடு செய்துவிட்டார் என்பதாலேயே குற்றத் தீர்ப்பை நிறுத்தி வைத்தலாகாது என்றது. மேல்முறையீட்டில் அவர் விடுதலை பெற்றால், அத்தண்டனை ஒன்றையே காலாகக் கொண்டு நின்ற ஆணையும் சாய்ந்துவிடும்.

கடல் கடந்தும் ஒரு பார்வை செலுத்துவோம். அமெரிக்காவில் வெளியுறவுத் துறை அதிகாரியாக இருந்த ஆல்ஜர் ஹிஸ் என்பவர் 1950ஆம் ஆண்டில் பொய்ச் சான்று கூறிய குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டார். நாட்டில் பெருங்கொதிப்பு எழுந்தது. 1954ஆம் ஆண்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிப் பல வகைக் குற்றவாளிகளுக்கு ஓய்வூதியத்தை மறுத்தது. மக்கள் அதனை ஹிஸ் சட்டம் என்றே அழைத்தனர். சினத்தில் வீசிய வலை மிக அகன்றதாக இருந்தது. 1961ஆம் ஆண்டில் அதனைத் திருத்தி, நாட்டுப் பாதுகாப்புத் தொடர்பான குற்றங்களோடு நிறுத்திக்கொண்டனர். 1972ஆம் ஆண்டில் நீதிமன்றம், பின்னால் வந்த சட்டத்தை முன்னால் நடந்த செயலுக்குப் பொருத்தலாகாது என்று கூறி, ஹிஸ்ஸுக்கே ஓய்வூதியத்தைத் திருப்பியளித்தது. எவருக்காகச் சட்டம் பிறந்ததோ அவர்மீதே அது செல்லவில்லை!

வலையைச் சுருக்கியதன் மற்றொரு விளைவும் உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர் ராண்டி கன்னிங்ஹாம் என்பவர், குறைந்தது 24 இலட்சம் டாலர் கையூட்டுப் பெற்றதை 2005ஆம் ஆண்டில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். சிறைக்கும் சென்றார். ஆனால் ஓய்வூதியத்தைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. அதன் பின்னரே, 2007ஆம் ஆண்டில் கையூட்டு முதலிய குற்றங்களுக்குத் தண்டிக்கப்படும் உறுப்பினர் ஓய்வூதியத்தை இழப்பார் என்று அங்கே சட்டம் செய்தனர். அதிலும், அவர் தம் சம்பளத்திலிருந்து தாமே செலுத்திய தொகையைத் திருப்பித் தருகின்றனர். தாம் போட்ட பணம் வேறு. மக்கள் வரியிலிருந்து வருவது வேறு என்னும் பாகுபாடு இங்கே காணப்படுகிறது.

இப்பாகுபாடு நமக்கும் பயன்படும். மத்திய அரசுப் பணியில் 2004ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலும் அதன் பின்னும் சேர்ந்தவர்கள், படைவீரர் நீங்கலாக, பங்களிப்பு முறையின் கீழ் வந்தனர். மாதந்தோறும் அவர் சம்பளத்திலிருந்து ஒரு பகுதி அவர் பெயரிலேயே சேருகிறது. அச்சேமிப்பைப் பழைய ஓய்வூதியத்தைப் போல அரசு நிறுத்திவிட இயலாது. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்திலோ, அரசு உறுதியளிக்கும் தொகை பணியிலிருந்து நீக்கப்பட்டவருக்குக் கிடையாது. ஆக, எந்த முறையின் கீழ் ஒருவர் பணியாற்றினார் என்பதைப் பொறுத்துத் தண்டனையின் பளுவும் வேறுபடுகிறது.

இனி மறுப்பாளர் தரப்பை நோக்குவோம். அவர்கள் எழுப்பும் தடைகள் மூன்று.

முதல் தடை, என் மாணவர் எழுப்பியதே: உழைத்த கூலியைப் பறிக்கலாமா? மாதச் சம்பளம் அந்தந்த மாத வேலைக்கு உரியது. அதனைத் திரும்பக் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. ஓய்வூதியமோ முழுப் பணிக்காலத்தையும் நேர்மையாக நிறைவேற்றியதற்கு உரியது. பணியில் சேரும் நாளிலேயே இந்நிபந்தனை எழுதப்பட்டிருக்கிறது, நடுவில் புகுத்தப்பட்டதன்று. உடன்படிக்கையின் பெரும் நிபந்தனையை மீறியவர், அதன் பயனை மட்டும் கேட்பது எவ்வாறு பொருந்தும்? அன்றியும், அந்த ஒரு நாள் கையூட்டினால் நலிந்தவர் ஒருவர் இருந்திருப்பார். முதியோர் உதவித்தொகைக்கு மனுக் கொடுத்துவிட்டு, பணம் நீட்ட வகையின்றித் திரும்பிச் சென்ற ஏழை மூதாட்டிக்கு மாதந்தோறும் என்ன கிடைத்தது? ஒருவருடைய முதுமைக்கு நாம் இரங்குகையில் மற்றவருடைய முதுமையை மறத்தலாகாது.

இரண்டாம் தடை: குற்றம் கணவனுடையது, பட்டினி மனைவிக்கும் மக்களுக்குமா? இது புறக்கணிக்கத் தக்கதன்று. வீட்டுக்கு வந்த பணத்தின் வரலாறு அறியாத மனைவியர் உண்டு. ஆகவேதான் கருணைத் தொகையும் குறைந்தபட்ச வரம்பும் விதிகளில் இருக்கின்றன. என் கருத்து, கருணைத் தொகையை அதிகாரியின் மனப்போக்குக்கு விட்டுவிடாமல், வேறு வருவாயற்ற குடும்பத்துக்கு ஒரு சிறு தொகை உறுதியாகக் கிட்டுமாறு விதியிலேயே எழுதிவிட வேண்டும் என்பது.

மூன்றாம் தடையே என்னை மிகவும் சிந்திக்க வைப்பது. ஓய்வூதிய மறுப்பு எல்லாரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. கோடிக்கணக்கில் திரட்டி, வீடும் நிலமும் உறவினர் பெயரில் வாங்கிப் போட்டவருக்கு ஓய்வூதியம் நின்றால் என்ன? அவர் அதனை உணரவும் மாட்டார். ஆயிரம் இரண்டாயிரம் வாங்கி அகப்பட்டுக்கொண்ட கடைநிலை ஊழியருக்கோ அடுப்பே அணைந்துவிடும். சிறு மீன் வலையில் துடிக்க, பெரு மீன் வலையையே இழுத்துக்கொண்டு போவது போன்றது இது. எனவே ஓய்வூதிய மறுப்பைத் தனி மருந்தாகக் கொள்ளலாகாது. தவறான வழியில் ஈட்டிய சொத்தைக் கைப்பற்றுவதும் அதனுடன் சேர வேண்டும். 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018ஆம் ஆண்டு செய்த திருத்தம் இதற்கு வழிவகுத்துள்ளது. அச்சட்டத்தை நடைமுறையில் உறுதியாகச் செலுத்தினால்தான் தண்டனையில் சமன்பாடு ஏற்படும்.

இதனோடு காலமும் கவனிக்கத் தக்கது. தஞ்சை மண்ணில் பிறந்து, அரசமைப்பு அவையில் பணியாற்றிய கே. சந்தானம் அவர்கள் தலைமையில் 1962ஆம் ஆண்டில் ஊழல் தடுப்புக் குழு ஒன்று அமைந்தது. அதன் பரிந்துரையின் பயனாக 1964ஆம் ஆண்டில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் தோன்றியது. அறுபது ஆண்டுகள் கடந்தும், குற்றம் நிகழ்ந்த நாளுக்கும் இறுதித் தீர்ப்பு நாளுக்கும் இடையே ஒருவர் பணிக்காலமே முடிந்துவிடுவதைக் காண்கிறோம். இத்தாமதத்தால் குற்றவாளி ஓய்வூதியத்தை ஆண்டுக்கணக்கில் துய்க்கிறார். குற்றமற்றவரோ பணிக்கொடை வராமல், மகள் திருமணத்துக்குக் கடன் வாங்கித் தலைகுனிந்து நிற்கிறார். விதியை இன்னும் கடுமையாக்குவதைக் காட்டிலும் விசாரணையை விரைவாக்குவதே இருவருக்கும் நீதி செய்வதாகும்.

ஆகவே என் முடிவு இது. தீர்ப்புக்கு முன் எவருடைய ஓய்வூதியத்திலும் விதிக்குப் புறம்பாகக் கை வைத்தலாகாது. தீர்ப்புக்குப் பின், குற்றத்தின் அளவுக்கேற்பக் குறைக்கலாம்; மக்கள் பணத்தைச் சூறையாடிய பெருங்குற்றமாயின் முழுவதும் நிறுத்தலாம். பின்னால் செய்த சட்டத்தை முன்னால் நடந்ததற்குப் பொருத்தலாகாது. குற்றமற்ற குடும்பத்தாரைத் தெருவில் விடலாகாது. இந்நான்கு வரம்புகளுக்குள் நின்றால், ஓய்வூதிய மறுப்பு பழிவாங்கலாகாது, நீதியாகும்.

மாணவர்களே, உங்களுள் பலர் நாளை தேர்வாணையத் தேர்வுகளை எழுதி அரசுப் பணியில் அமரப் போகிறீர்கள். பணியாணை கைக்கு வரும் நாளில், சம்பளம் எவ்வளவு என்பதைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், நடத்தை விதிகளையும் ஓய்வூதிய விதிகளையும் ஒரு முறை அமர்ந்து படியுங்கள். அரசுப் பணிக்குச் செல்லாதவர்களும் அவ்விதிகளை அறிந்திருப்பது நன்று. அலுவலகத்தின் மேசைக்கு அப்பால் நிற்கப் போகிறவர்கள் நீங்கள். அங்கே வழங்கப்படும் சம்பளமும் ஓய்வூதியமும் உங்கள் வரிப்பணத்திலிருந்து வருபவை. என் மாணவரிடம் இவ்வளவையும் சொன்னேன். அவர் உடனே முழுமையாக உடன்பட்டுவிடவில்லை. மூன்றாம் தடைக்கு இன்னும் நல்ல விடை வேண்டும் என்றார். அதை நீங்களும் உங்கள் வகுப்பில் எடுத்து வாதாடிப் பாருங்கள்.